என்ஜின் மாற்றினோம் என்று சொன்னால் போதாது

மாற்று என்ஜின் என்ற பெயரில் கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லை மலைகளில் நடந்துவரும் வியாபாரத்தை இனியும் பொறுத்துக்கொள்ள முடியாது. எந்த வண்டியில் கிடந்தது என்று தெரியாத என்ஜினைக் கழுவி, பெயின்ட் அடித்து, "ரீகண்டிஷன்" என்று சொல்லி ஜீப்பில் ஏற்றிவிடுகிறார்கள். பில் கிடையாது. பழைய பதிவு எது என்று கேட்டால் பதில் கிடையாது. பட்டறை வாசலில் ஸ்டார்ட் செய்து, இரண்டு உறுமல் உறுமவிட்டு, சாவியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்த வண்டி மேட்டில் இழுக்குமா, இறக்கத்தில் நிற்குமா என்ற சோதனையை அதில் ஏறி உட்காருகிற ஏலத்தோட்டப் பெண்களும் சுற்றுலா வந்தவர்களும்தான் தங்கள் உயிரை வைத்துச் செய்துகொண்டிருக்கிறார்கள். விற்கிற பட்டறையையும், தெரிந்தே ஓட்டுகிற உரிமையாளரையும், ஸ்டியரிங்கையும் விளக்கையும் பார்த்துவிட்டுத் தகுதிச் சான்று எழுதுவதோடு பொறுப்பு முடிந்தது என்று நினைக்கிற மோட்டார் வாகனத் துறையையும் ஒருசேரக் கண்டிக்கிறோம்.

இந்த மலைகளில் ஜீப் என்பது பொழுதுபோக்கு வண்டி அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். போடி, கம்பம், உத்தமபாளையம் பக்கத்து ஊர்களில் விடியும் முன்னே தூக்குவாளியோடு சாலைக்கு வந்து நிற்கும் பெண்கள், போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம் ஏலக்காடுகளுக்குப் போய், பொழுது சாயத் திரும்புவது ஜீப்பில்தான். போடிமெட்டுச் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். பாலக்காட்டுப் பக்கம் நெம்மாறையிலிருந்து போத்துண்டி அணையைக் கடந்து நெல்லியாம்பதி ஏறினால், அதற்கு மேல் மாம்பாறைக்கும் உள் தோட்டங்களுக்கும் புலயம்பாறையில் நிற்கும் ஜீப்புகளை விட்டால் வேறு கதியில்லை. அட்டப்பாடியின் உள்ளடங்கிய ஊர்களில் பிரசவ வலி எடுத்த பெண்ணைக் கோட்டத்தறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் பல நேரங்களில் இதே வண்டிதான்.

2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாட்டில் தலப்புழை அருகே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிவந்த ஜீப் பள்ளத்தில் உருண்டு ஒன்பது பெண்கள் இறந்தார்கள். அதற்கு என்ஜின்தான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மலை ஜீப்பில் ஒரு குறை இருந்தால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை அந்த ஒன்பது வீடுகள் சொல்லும்.

என்ஜினை மாற்றுவதே குற்றம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாற்றித்தான் ஆக வேண்டும். இந்த மலைகளில் ஓடும் ஜீப்புகளில் பெரும் பகுதி மகிந்திராவின் பழைய வண்டிகள். எம்எம் 540-இல் வந்தது பிரெஞ்சு பியூஜோ நிறுவனத்தின் உரிமத்தில் செய்யப்பட்ட எக்ஸ்டிபி 4.90 டீசல் என்ஜின், 2,112 சிசி. பின்னால் கமாண்டர், மேஜர் வண்டிகளில் 2,523 சிசி டி.ஐ. என்ஜின் வந்தது. பியூஜோவுக்கு உதிரி பாகம் தேடுவது இன்று புதையல் தேடுவதற்குச் சமம். ரீபோர் செய்து செய்து சிலிண்டர் சுவர் மெலிந்துபோன பிளாக்கை இன்னொரு முறை லேத்துக்கு அனுப்ப முடியாது. ஆகவே கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடையிலோ, சென்னை புதுப்பேட்டையிலோ, உள்ளூரில் விபத்தில் நொறுங்கிய ஒரு வண்டியிலோ என்ஜின் தேடுகிறார்கள். ஒருவர் டி.ஐ. ஏற்றுகிறார், ஒருவர் மெட்டடோரில் வந்த என்ஜினை ஏற்றுகிறார், இன்னொருவர் அம்பாசடரில் கிடந்த இசுசுவை அடாப்டர் பிளேட் அடித்து உட்கார வைக்கிறார். கைத்திறன் என்ற அளவில் இவர்களை மெச்சலாம். ஒரு கொண்டை ஊசியில் பழுதான வண்டியைக் கம்பியும் சணலும் வைத்து ஊர் சேர்க்கிற மெக்கானிக்குகள் இந்த மலைகளின் செல்வம். நம் கோபம் அந்தத் திறமையின் மேல் இல்லை. நோயைக் கண்டுபிடிக்காமல் உறுப்பை மாற்றுகிற சோம்பேறித்தனத்தின் மேல்.

பழைய என்ஜின் ஏன் செத்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. பெரும்பாலும் அது சூட்டில் செத்திருக்கும். சூடு ஏறியதற்குக் காரணம் ரேடியேட்டர். அந்த ரேடியேட்டரில் வருடக்கணக்காக ஓடைத் தண்ணீர் ஊற்றப்பட்டிருக்கும். கூலன்ட் என்ற பச்சைத் திரவத்தை அது கண்ணால்கூடப் பார்த்திருக்காது. உள்ளே குழாய்களில் பாதி, உப்பும் சேறும் படிந்து அடைந்திருக்கும். வெளியே செம்மண் அப்பியிருக்கும். இப்போது "புது" என்ஜின் வருகிறது, ரேடியேட்டர் அதேதான். ஓட்டைக் குடத்தை மாற்றாமல் கிணற்றை மாற்றியது போல. மூன்றாம் மாதம் ஹெட் கேஸ்கட் போகிறது. உடனே "நீங்க ஓட்டின லட்சணம் சேட்டா" என்று பழி ஓட்டுநர் தலையில் விழுகிறது.

சூடு ஏறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது இன்னொரு கெட்ட பழக்கம். அந்தக் கழற்றலால் நோய் தீராது. அடையாளம் மட்டும் மறையும். தண்ணீர் நிற்காமல் ஓடி, என்ஜின் சரியான சூட்டுக்கே வராமல், டீசல் முழுதாக எரியாமல், ரிங்குகளில் கரி கட்டி, ஆயில் கெட்டு, இன்னொரு வழியில் அதே என்ஜின் சாகும். காலை ஐந்து மணிக் குளிரில் சூரியநெல்லியில் ஸ்டார்ட் செய்து, சூரிய உதயத்துக்குள் கொழுக்குமலை ஏறியாக வேண்டிய வண்டிக்கு இது இரட்டைக் கேடு.

கொழுக்குமலை ஏறத்தாழ 7,900 அடி உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிட நான்கில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய டீசல் என்ஜினுக்குள் போகிற காற்று அந்த அளவுக்குக் குறைகிறது. பம்ப் தள்ளுகிற டீசல் மட்டும் குறைவதில்லை. கோவையிலோ பாலக்காட்டிலோ தரைமட்டத்தில் பம்ப் செட் செய்து, "இழுவை வேணும்" என்று டீசலையும் கொஞ்சம் கூட்டிவைத்த வண்டி மேலே போனதும் ஏன் கரும்புகை கக்குகிறது என்பதற்கு இதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை. அதே உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதைப் பதினைந்து, இருபது டிகிரி தள்ளிக் கொதிக்க வைப்பது ரேடியேட்டர் மூடியில் உள்ள ஸ்பிரிங். ஸ்பிரிங் தளர்ந்த ஒரு மூடி, அல்லது மூடி தொலைந்து துணி சுற்றி அடைத்த வாய், புதிதாக ஏற்றிய என்ஜினை ஒரே ஏற்றத்தில் தீர்த்துக் கட்டப் போதும். என்ஜினுக்குப் பெருந்தொகை கொடுத்தவர் மூடிக்குக் கணக்குப் பார்ப்பார். மெக்கானிக்காவது சொல்ல வேண்டாமா?

இத்தோடு முடிந்தால் பணச் சேதம் என்று விட்டுவிடலாம். இறக்கத்துக்கு வருவோம். பூஸ்டர் பிரேக் உள்ள மகிந்திரா டீசல் வண்டிகளில் பூஸ்டருக்கு வேண்டிய வேக்கம் எங்கிருந்து வருகிறது? ஊரில் டைனமோ என்று சொல்கிறோமே, அதன் முதுகில் உட்கார்ந்திருக்கும் வேக்கம் பம்பிலிருந்து. பெட்ரோல் வண்டியில் போல டீசலில் அது தானாகக் கிடைக்காது. என்ஜின் மாற்றும்போது அந்த இடத்துக்கு ஒத்துவராத டைனமோவை மாட்டினாலோ, பம்புக்குப் போகிற ஆயில் பைப்பை மடித்துக் கட்டினாலோ, குழாயில் ஓட்டை இருந்தாலோ, சமதளத்தில் ஒன்றும் தெரியாது. மெதுவாகப் போகிற வண்டி காலால் அழுத்தினால் நின்றுவிடும். ஆள் ஏற்றி இறங்கும்போதுதான் பெடல் கல்லாக இருக்கும். அதோடு என்ஜினும் பாதி இறக்கத்தில் அணைந்துபோனால், பூஸ்டரில் மிஞ்சிய வேக்கம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதற்குப் பிறகு ஓட்டுநரின் கால் பலம், ஹேண்ட் பிரேக், கடவுள். என்ஜின் கோளாறும் பிரேக் கோளாறும் வேறு வேறு என்று நினைக்கிற மெக்கானிக் மலை வண்டியில் கை வைக்கவே கூடாது.

ஆயில் சம்ப் விஷயமும் இப்படித்தான். காருக்கோ வேனுக்கோ செய்த என்ஜினின் சம்ப், செங்குத்தான பாறைப் பாதைக்கென்று வடிவமைக்கப்பட்டது அல்ல. வண்டி மூக்கைத் தூக்கி ஏறும்போது ஆயில் முழுவதும் பின்னால் போய்த் தேங்கும். உறிஞ்சுகுழல் முன்னால் இருந்தால் காற்றை உறிஞ்சும். ஆயில் பிரஷர் விளக்கு ஒரு கணம் மினுக்கி அணையும். பல ஜீப்புகளில் அந்த விளக்கின் ஒயரே கழன்று கிடக்கிறது என்பதால் அந்த மினுக்கலையும் யாரும் பார்ப்பதில்லை. பேரிங் தேய்ந்து கடகடவென்று சத்தம் வரும்போதுதான் பானெட் திறக்கும்.

இதைவிடப் பயங்கரம் ஒன்று உண்டு. ரிங் தேய்ந்து பேக் கம்ப்ரஷன் அடிக்கிற பழைய டீசல் என்ஜின், அல்லது ஏர் ஃபில்டரில் அளவுக்கு மேல் ஆயில் ஊற்றிய என்ஜின், அந்த ஆயிலையே உறிஞ்சி எரிக்கத் தொடங்கினால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது. சுற்று ஏறிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் கிளட்சை மிதித்தால் என்ஜினுக்குச் சுமை விட்டுப்போய் வெடிக்கிற அளவுக்கு ஓடும். டாப் கியரில் போட்டுப் பிரேக்கை முழுதாக மிதித்து அடக்கவோ, காற்று போகும் வாயைப் பலகையால் மூடவோ தெரிந்திருக்க வேண்டும். என்ஜினை விற்றவர்களில் எத்தனை பேர் இதை ஓட்டுநருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

சொல்வதெல்லாம் ஒரே ஒரு வசனம்தான். "அண்ணே, மேட்டுல இழுக்கவே மாட்டேங்குது" என்று ஓட்டுநர் வந்து நின்றால், "புது என்ஜின் தம்பி, கொஞ்சம் ஓடி செட் ஆகட்டும்." பழைய என்ஜினைப் புது என்ஜின் என்று சொல்லும் துணிச்சல் ஒரு பக்கம் இருக்கட்டும். செட் ஆவது என்று எதைச் சொல்கிறார்கள்? ரிங் மாற்றிய என்ஜினுக்குக் கொஞ்ச தூரம் பதமாக ஓட்டச் சொல்வது நியாயம். பம்ப் டைமிங் ஒரு பல் தள்ளி நிற்கிற என்ஜின் லட்சம் கிலோமீட்டர் ஓடினாலும் செட் ஆகாது. ரிட்டர்ன் லைனில் ஏர் இழுக்கிற வண்டி தினமும் காலையில் செல்ஃப் அடித்து அடித்துப் பேட்டரியைத்தான் தீர்க்கும்.

கோளாறு கண்டுபிடிக்க ஒரு வரிசை இருக்கிறது. நல்ல மெக்கானிக் ஒவ்வொருவரும் அறிந்தது அது. தெரிந்தும் செய்யாததால்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. முதலில் புகையின் நிறம். கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் மிகுதி. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. குளிரில் நெடுநேரம் வெள்ளை என்றால் கம்ப்ரஷனோ, டைமிங்கோ, பியூஜோ என்ஜின் என்றால் ஹீட்டர் பிளக்கோ. டி.ஐ.-க்குப் பழகிய கைகள் பியூஜோவின் ஹீட்டர் பிளக்கை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. அந்த என்ஜின் முன்னறையில் எரியும் வகை, குளிரில் அது இல்லாமல் பிடிக்காது. அடுத்து, ஓடும் என்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்ப்பது. குபுகுபுவென்று புகை வந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை, அந்த என்ஜினை விற்றிருக்கவே கூடாது. பிறகு கேஜ் போட்டு நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் எடுத்துக் காகிதத்தில் எழுதுவது. ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிட வெகுவாகக் குறைந்தால் அங்கேயே நிற்க வேண்டும். குளிர்ந்த என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து, குமிழி வருகிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். நாசில்களை டெஸ்டரில் மாட்டித் தூவலைப் பார்க்க வேண்டும். அடாப்டர் பிளேட் போட்ட வண்டியில் என்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று டயல் கேஜில் அளக்க வேண்டும். இம்மி தள்ளினாலும் பைலட் பேரிங்கும் இன்புட் ஷாஃப்டும் தின்றுவிடும், மௌன்ட் உயரம் மாறினால் ஜாயின்ட் கிராஸ் உதறத் தொடங்கும். கடைசியாக, சுமை ஏற்றி ஒரு மேடு ஏறி, லோ கியரில் ஒரு இறக்கம் இறங்கி, சூட்டு முள்ளையும் ஆயில் பிரஷரையும் பிரேக் பெடலையும் பார்த்துவிட்டு வர வேண்டும். ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாளைக் கூலியில் சேர்த்து வாங்கிக்கொள்ளட்டும், யாரும் மறுக்க மாட்டார்கள்.

புதிய தலைமுறை தார், பொலேரோ வண்டிகளின் காமன் ரயில் என்ஜின்கள் வந்த பிறகு கதை இன்னும் சிக்கலாகிவிட்டது. சென்சாரும் ஒயரிங்கும் கம்ப்யூட்டரும் சேர்ந்தே என்ஜின். ஸ்கேனர் இல்லாத பட்டறை அதில் கை வைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு செய்வதுதான். இதில் வண்டிக் கம்பெனிகளுக்கும் பங்கு உண்டு. உதிரி பாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததாக மகிந்திரா உட்பட 14 கார் நிறுவனங்களுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் அபராதம் விதித்தது. வழக்கு மேலே மேலே போனது தனிக் கதை. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்கென்று இணையவாசல் ஒன்றைத் திறந்தது. சாந்தன்பாறையில் ஒற்றை ஷட்டர் பட்டறை வைத்திருப்பவரின் கையில் இன்னும் ஸ்பேனர்தான் இருக்கிறது.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதைத் தெளிவாகவே சொல்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரம், தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரத்துக்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது. என்ஜினை மாற்றினால் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, ஆர்.சி.யில் புது எண்ணை ஏற்ற வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை ரத்துசெய்து, தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறான மாற்றங்களைப் பதிவு அதிகாரி அனுமதிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாமல் மாற்றம் செய்கிற உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது.

உச்ச நீதிமன்றத்தின் அந்தத் தீர்ப்பு வந்ததிலிருந்து எல்லையின் இரு பக்கமும் ஒரு தவறான பாடம் பரவியிருக்கிறது. "எதற்குமே அனுமதி கிடைக்காது, ஆகவே கேட்காதே" என்பது அந்தப் பாடம். அதே வகை, அதே எரிபொருள் என்ஜினை முறையான பில்லோடு மாற்றி, எண்ணைப் பதிவில் ஏற்றுவதற்கு வழி இருக்கிறது. அந்த வழியை அலுவலகச் சுவரில் ஒரு தாளில் தமிழிலும் மலையாளத்திலும் ஒட்டிவைக்க என்ன தடை? வழி தெரியாதவன் ஏஜென்டிடம் போகிறான். ஏஜென்ட் பழைய எண்ணைப் புது பிளாக்கில் அடித்துத் தரும் ஆளைக் காட்டுகிறான். திருட்டு வண்டியின் என்ஜினா, மூழ்கிய வண்டியின் என்ஜினா என்பதெல்லாம் அந்த உளிச் சத்தத்தில் அழிந்துபோகிறது. நாளை விபத்து என்றால் காப்பீட்டுக்காரர் முதலில் எடுப்பது ஆர்.சி.யையும் பிளாக்கையும்தான். எண் பொருந்தாவிட்டால் வழக்கு இழுபடும். இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுத்தாலும் பிறகு உரிமையாளரிடம் வசூலிக்க வருவார்கள். ஒரே ஒரு ஜீப்பை நம்பி வாழ்கிறவர் அன்றே தெருவுக்கு வந்துவிடுவார்.

கொழுக்குமலை விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. தோட்டம் இருப்பது தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில். ஜீப் புறப்படுவது கேரளத்தின் சூரியநெல்லியில், கேரளப் பதிவு எண்ணோடு. வண்டிக்குத் தகுதிச் சான்று கொடுத்தவர்கள் ஒரு மாநிலம். அது கவிழக்கூடிய பாறைப் பாதையில் ஒரு பகுதி இன்னொரு மாநிலம். தேனியிலிருந்து ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளுக்கு இதே கதை தலைகீழ். இந்த எல்லைக் கோடு இரண்டு மாநிலத் துறைகளுக்கும் வசதியாக இருக்கிறது. அந்தப் பக்கத்து வண்டி என்று இவர்களும், இந்தப் பக்கத்து ரோடு என்று அவர்களும் சொல்லிக்கொள்ளலாம்.

2025 ஜூலையில் மூணாறு பக்கம் நடந்த விபத்தை அடுத்து இடுக்கி மாவட்ட நிர்வாகம் ஜீப் சவாரிக்குத் தடை போட்டது. பிறகு நிபந்தனைகளோடு படிப்படியாகத் திறந்துவிட்டது. தடை போட்டதைக் குறை சொல்லவில்லை. ஆனால் எல்லா வண்டியையும் ஒரே நாளில் நிறுத்தினால் ஒழுங்காக ஓட்டியவன் அடுப்பும் அணைகிறது. எல்லாவற்றையும் திறந்துவிட்டால் ஓட்டை என்ஜினும் கூடவே மலையேறுகிறது. வண்டி வண்டியாகப் பார்க்கிற வேலைக்குச் சோம்பல்பட்டால் இப்படித்தான் முடியும்.

எட்டு வயதைத் தாண்டிய வாடகை வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுக்க வேண்டும் என்பது விதி. அந்த ஆண்டுச் சோதனை எங்கே நடக்கிறது? சமதள மைதானத்தில், காலி வண்டியில். புகைச் சோதனையில் பழைய டீசலுக்கு 65 என்ற அளவுக்குள் புகை அடர்த்தி வந்தால் தேறிவிடலாம்; சோதனைக்கு முன் பம்பைக் குறைத்துவைத்து, சான்று வாங்கிய கையோடு திருகிக் கூட்டிக்கொள்ள ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். மலையில் ஓடுகிற வண்டியை மலையில் சோதித்தால் இந்த வித்தையெல்லாம் பலிக்காது. தேவிகுளம், உடும்பன்சோலை, சித்தூர் வட்டங்களில் ஒரு மேட்டுச் சாலைக்கா பஞ்சம்? ஆள் எடைக்கு மணல் மூட்டை ஏற்றி, ஒரு கிலோமீட்டர் ஏற்றி இறக்கி, என்ஜினை அணைத்து வேக்கம் எத்தனை மிதிக்கு நிற்கிறது என்று எண்ணிப் பார்க்க, கோடிக் கணக்கில் இயந்திரம் வேண்டியதில்லை.

ஏமாந்த உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. பில் கேட்காமல் வாங்குவது நீங்கள்தான். "பில் போட்டா வரி கூடும்" என்ற பேச்சுக்குத் தலையாட்டுவதும் நீங்கள்தான். மூன்றாம் மாதம் என்ஜின் கட்டிப்போனால் பட்டறை வாசலில் சண்டை போட்டுவிட்டு, அடுத்த என்ஜினுக்குக் கடன் வாங்கப் போகிறீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வண்டி வைத்திருப்பவரும் நுகர்வோர்தான். வாடகை வண்டி என்பதற்காக வழக்கைத் தள்ளிவிட முடியாது. என்ஜினைப் பாலக்காட்டில் வாங்கியிருந்தாலும் போடிக்காரர் தேனி மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். கையில் பில் இருந்தால் பாதி வழக்கு அங்கேயே வென்றதாக அர்த்தம். கோளாறு தெரிந்த வண்டியில் ஆள் ஏற்றுகிறவருக்கு மட்டும் எந்த அனுதாபமும் நம்மிடம் கிடையாது. பிரேக் பெடல் கல்லாகிறது என்று தெரிந்த பிறகும் "இந்த ஒரு சீசன் ஓடட்டும்" என்று தோட்டத்துக்கு ட்ரிப் அடிப்பது அலட்சியம் என்ற சொல்லுக்குள் அடங்காது.

ஆகவே கேட்கிறோம். மாற்று என்ஜின் விற்கிற ஒவ்வொரு பட்டறையும் என்ஜின் எண், எந்த வண்டியிலிருந்து எடுத்தது, நான்கு சிலிண்டர் கம்ப்ரஷன் அளவு, ஆயில் பிரஷர் ஆகியவற்றை எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளோடுதான் என்ஜினை வெளியே விட வேண்டும். குறைந்தது ஆறு மாதப் பொறுப்பு எழுத்தில் வேண்டும். ஏற்கெனவே ஏற்றிய என்ஜின்களைப் பதிவுக்குக் கொண்டுவர இரண்டு மாநிலத் துறைகளும் ஒரு காலக்கெடு அறிவித்து, அந்தக் காலத்துக்குள் வருகிறவர்களிடம் அபராதம் வாங்காமல் எண்ணைச் சரிபார்த்து ஏற்ற வேண்டும். கெடு முடிந்த மறுநாள் முதல் 182ஏ யாருக்கும் விதிவிலக்கில்லாமல் பாயட்டும். ஆள் ஏற்றும் மலை ஜீப்புகளுக்கான எஃப்.சி., சுமையோடு மேட்டில் சோதிக்காமல் தரப்படக் கூடாது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, கோபாலபுரம், ஆனைக்கட்டி ஆகிய எல்லைகளில் இரு மாநில ஆய்வாளர்களும் சேர்ந்து நின்று, ஏலக்காய் பறிப்புக் காலம் முழுவதும் வாரம் ஒரு விடியற்காலையாவது ஜீப்புகளை நிறுத்தி எண்ணையும் வேக்கத்தையும் பார்க்க வேண்டும். அப்படி நிறுத்தும்போது தோட்ட முதலாளிகளுக்கும் நோட்டீஸ் போக வேண்டும். தங்கள் வேலைக்கு ஆள் ஏற்றிவரும் வண்டி எது, அதன் எஃப்.சி. எதுவரை என்ற பதிவேட்டைத் தோட்ட அலுவலகத்தில் வைக்காதவர்கள், வண்டி எங்களுடையது அல்ல என்று சொல்லித் தப்ப அனுமதிக்கக் கூடாது.

தேனி, இடுக்கி, பாலக்காடு, கோவை ஆட்சியர்கள் நால்வரும் இதற்காக ஒருமுறையாவது ஒரே மேசையில் உட்கார வேண்டும். அடுத்த பறிப்புக் காலம் தொடங்குவதற்குள் உட்கார்ந்து, எந்தத் தேதியிலிருந்து எந்தச் சோதனை என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும்.